முரியல் தைத்த கம்பளி

ஹெஸ்டர் லவிக் காரைப் பார்க்கும் விதமே வேறு. எல்லாரும் பெயின்டைப் பார்ப்பார்கள், தோல் இருக்கையைத் தடவுவார்கள். அவளோ, ஓடி வந்து நின்ற காரின் பானெட் மேல் புறங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் அங்கங்கே தொட்டுப் பார்ப்பாள். "இந்த இடத்துல மூச்சு முட்டுது," என்பாள். சொன்ன இடத்தில் கோளாறு இருக்கும்.

எங்கள் பட்டறை லண்டனுக்கு மேற்கே ஆக்டனில் இருந்தது. 'லவிக் அண்ட் ஆக்ஸ்டெல்' என்று வாசலில் பலகை. அந்தக் காலத்துப் பணக்காரர்கள் பெரிய கம்பெனிகளிடம் இன்ஜினும் சட்டகமும் மட்டும் வாங்கி, உடல் கட்ட எங்களைப் போன்றவர்களிடம் கொண்டு வருவார்கள். கில்பர்ட் ஆக்ஸ்டெல் உடலை வரைவான். அவன் பென்சில் பிடித்தால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே இருப்பது வேகாமல், புகையாமல், குலுங்காமல் ஓடுவது ஹெஸ்டரின் பொறுப்பு. முதல் உலக யுத்த காலத்தில் விமான இன்ஜின் தொழிற்சாலையில் கற்ற வித்தை அது. அவளுடைய தங்கை முரியல் தையல் பகுதியைப் பார்த்துக்கொண்டாள். இருக்கை, விரிப்பு, கூரைத் துணி எல்லாம் அவள் கைவேலை. முரியலுக்கும் கில்பர்ட்டுக்கும் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான், நோரா கெட்ஜ், வாசல் அறையில் டைப் அடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு இருந்தேன். ஹெஸ்டரும் நானும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

முப்பத்தோராம் வருஷம் சர் ஆப்ரி டன்ஸ்டால் வந்தார். லங்காஷயரில் பஞ்சாலைகள், விண்டர்மியர் ஏரிக்கரையில் வீடு. ஒவ்வொரு கோடையிலும் கிர்க்ஸ்டோன் கணவாயில் அவருடைய கார் கொதித்து நின்றுவிடும். மனைவி பாதையோரக் கல்சுவரில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். ஆடு மேய்க்கிறவன் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போவான்.

"எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம்," என்றார் சர் ஆப்ரி. "கார் கொதிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. சத்தம் வந்தா என் மனைவிக்குத் தலைவலி வரும். அவளுக்கு வந்தா எனக்கும் வரும்."

ஆகஸ்டில் கிர்க்ஸ்டோன் ஏற்றத்தில் ஒரு மோட்டார் சங்கம் சோதனை ஓட்டம் நடத்தவிருந்தது. அதில் எங்கள் கார் ஜெயித்தால் தன் ஆலை இயக்குநர்கள் அத்தனை பேரும் எங்களிடமே கார் கட்டிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வசந்தம் முழுக்க ஹெஸ்டருக்கு அதே வேலைதான். பானெட் மேல் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, மேற்குச் சாலையில் காரை விரட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எந்த நூல் எந்தப் பக்கம் படுக்கிறது என்று சொல்ல வேண்டும். முன் பக்கத்து நூல்கள் சமர்த்தாகப் பின்னால் படுத்தன. முன் கண்ணாடியின் அடியில் இருந்தவை மட்டும் எழுந்து முன்னோக்கிச் சுருண்டன.

"பாரு நோரா. அங்க ஓட்டை போட்டா சூட்டுக் காத்து வெளிய போகாது, வெளிக்காத்துதான் உள்ள வரும். பக்கவாட்டுலதான் வெட்டணும், கொஞ்சம் முன்னாடியே."

"ரேடியேட்டரைப் பெருசா வச்சா முடிஞ்சு போச்சே?"

"ஒரு ஜன்னலைத் திறந்து வச்சிட்டு மத்ததெல்லாம் மூடி வச்சா வீட்டுக்குள்ள காத்து வருமா? போக வழி இருந்தாத்தான் வரும். எல்லாரும் வர்ற வழியையே பெருசாக்கிட்டு இருக்காங்க."

பானெட்டின் இரு பக்கமும் மீன் செவுள் போலப் பின்னோக்கித் திறந்த கீறல்களை அவள் வரைந்தாள். பட்டறையில் எல்லோரும் அதைச் செவுள் என்றே சொல்லத் தொடங்கினார்கள். கில்பர்ட்டுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"அவ்வளவு அழகான பக்கத்தைச் சீப்பு மாதிரி ஆக்கிட்டியே, ஹெட்டி! அதுவும் போகட்டும். வால்வு தட்டுற சத்தம் அத்தனையும் அது வழியா வெளிய வரும். டன்ஸ்டால் அம்மா காதை மூடிக்கிட்டு இறங்கிப் போயிடுவாங்க."

"கொஞ்சம் சத்தம் வரும்தான். கல்சுவர்ல உக்கார்றதை விட அது மேல்."

ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் கில்பர்ட் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான். "சரி தாயே, நீ ஜெயிச்ச. ஒண்ணு குறையாம வெட்டித் தர்றேன். போதுமா?" எல்லாரும் சிரித்தோம். முரியல் குனிந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள்.

சோதனைக்கு முந்திய வாரம் ஹெஸ்டர் வேறொரு வாடிக்கையாளரின் காரோடு பிரைட்டனில் மாட்டிக்கொண்டாள். பானெட்டுக்குப் பெயின்ட் அடித்துப் பூட்டியதை அவள் பார்க்கவில்லை. கில்பர்ட் காரை ஓட்டிக்கொண்டு, சோதனை தொடங்கும் ஊரான கெண்டலுக்குக் கிளம்பிவிட்டான். ஹெஸ்டரும் நானும் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினோம். காரில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஓட்டுவது அவள், கூட உட்காருவது நான்.

வழியனுப்ப முரியல் வந்திருந்தாள். முட்டை சாண்ட்விச்சும் சீமைச்சோம்பு போட்ட கேக்கும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அக்காவைக் கட்டிப் பிடித்தவள் விடவேயில்லை.

"பார்த்துப் போ, ஹெட்டி."

"மலை எங்கயும் ஓடிப் போயிடாதுடி. விடு, தொப்பி நசுங்குது."

முரியல் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது மசக்கை. அதனால் முகம் வெளுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கெண்டல் போய்ச் சேர்ந்தபோது கார்கள் எல்லாம் சந்தை முற்றத்தில் வரிசையாக நின்றன. வழியில் யாரும் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருந்தார்கள். எங்கள் கார் கரும்பச்சை. அந்த வரிசையிலேயே அதுதான் அழகு. ஹெஸ்டர் செவுள்களின் மேல் விரலை ஓட்டினாள். உள்ளே இருட்டாகத் தெரிந்தது.

"நல்லாத்தான் வெட்டியிருக்கான். உள்ள ஒரு தடவை பாத்துடலாமா?"

முத்திரைக்குப் பொறுப்பாளர் கேப்டன் பாம்ஃப்ரெட். பெரிய மீசை, கையில் சிவப்புப் பட்டை. "மலை உச்சியில பாருங்க, மிஸ் லவிக். மகாராணியே வந்து கேட்டாலும் இந்த ஈயத்தைத் தொட விடமாட்டேன்."

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றான் கில்பர்ட்.

"உன் மேல இல்லாம வேற யார் மேல?" என்று சொல்லி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள் ஹெஸ்டர்.

மறுநாள் காலையில் நல்ல வெயில். கில்பர்ட் சர் ஆப்ரியோடு அவருடைய பழைய காரில் முன்னாலேயே கிளம்பி, கணவாய் உச்சியில் இருக்கும் விடுதிக்குப் போய்விட்டான். நாங்கள் ஆம்பிள்சைடு வரை சமதரையில் போனோம். கார் தண்ணீரில் அன்னம் போலப் போனது. இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

"நோரா, சத்தமே இல்லையே," என்றாள் ஹெஸ்டர்.

"நல்லதுதானே? சத்தம் வரலைன்னு கவலைப்படுற முதல் ஆள் நீதான்."

"இல்ல. செவுள் திறந்திருந்தா வால்வு சத்தம் கொஞ்சமாவது கேக்கணும். இது ஏதோ போர்வைக்குள்ள ஓடுற மாதிரி இருக்கு."

ஆம்பிள்சைடு தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. அந்தப் பாதைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயரே 'திண்டாட்டம்'தான். கல்சுவர்கள் மேல் ஜனங்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு உட்கார்ந்து யார் கார் கொதிக்கும் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து காற்று முதுகில் அடித்தது. பின்காற்று, ஏற்றம், மெதுவான வேகம். ஹெஸ்டர் வரைந்த செவுள்கள் எதற்காக இருந்தனவோ அந்தச் சோதனை அப்படியே வந்து நின்றது.

சூடு காட்டும் முள் ஏறியது. முதல் வளைவில் பாதிக்கு மேல் வந்தது. இரண்டாவது வளைவில் சிவப்பைத் தொட்டது. இன்ஜின் இருமத் தொடங்கியது. "பெட்ரோல் குழாய்லயே கொதிக்குது," என்றாள் ஹெஸ்டர். அவள் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. கணக்கை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு அந்த நாற்றம் வந்தது. எண்ணெய் நாற்றமோ ரப்பர் நாற்றமோ இல்லை. இஸ்திரிப் பெட்டி கோட்டில் ஒட்டிக்கொண்டால் வருமே, அது.

ஹெஸ்டர் காரைச் சுவரோரமாக நிறுத்திவிட்டாள். "இறங்கு. தள்ளிப் போய் நில்லு."

ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறியது. சுவர் மேல் இருந்தவர்கள் கைதட்டினார்கள். "அம்மா, முட்டை வேக வைக்கலாமா?" என்று ஒருவன் கத்தினான். வளைவில் காவலுக்கு நின்ற கேப்டன் பாம்ஃப்ரெட் ஓடி வந்தார். உச்சியிலிருந்து கில்பர்ட் தலைதெறிக்க ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் சர் ஆப்ரி கைத்தடியோடு இறங்கி வந்தார்.

"முத்திரையை உடைக்கணும், கேப்டன்," என்றாள் ஹெஸ்டர்.

"உடைச்சா போட்டியில இருந்து போயிடுவீங்க."

"போனாப் போகுது. உள்ள ஏதோ கருகுது."

"ஹெட்டி, வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும்," என்றான் கில்பர்ட். மூச்சு வாங்கியது அவனுக்கு. "ஆறினதும் நானே திறந்து பாத்துக்கறேன். நீ போய் உக்காரு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கம்பியை வெட்டிப் பானெட்டைத் தூக்கினாள்.

உட்புறம் முழுவதும் கறுப்புக் கம்பளி. கல்நார்த் துணி வைத்து, பஞ்சடைத்து, வைரக் கட்டமாகத் தைத்து, பித்தளைக் குமிழ்களால் அழகாகப் பொருத்தியிருந்தது. செவுள்கள் அத்தனையும் அதற்குப் பின்னால் அடைபட்டிருந்தன. வெளியிலிருந்து நாங்கள் பார்த்த இருட்டு அந்தக் கறுப்புதான். புகைக்குழாய்க்கு மேலே ஒரு கையகலத்துக்குப் பொசுங்கி, ஓரம் இன்னும் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது.

ஹெஸ்டர் கையுறையால் அந்தக் கனலை அறைந்து அணைத்தாள். அதன்பின் மூலைத் தையலை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூலைக்கு மூலை ஊசி பின்னால் போய்ச் சாய்ந்து, இரட்டையாக முடிந்திருந்தது. லண்டனில் ஆயிரம் தையல்காரிகள் இருக்கலாம். மூலையை அப்படி முடிக்கிறவள் ஒருத்திதான். சின்ன வயதில் அவள் பொம்மைக்குச் சட்டை தைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் ஹெஸ்டர்.

"முரியல்," என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

சர் ஆப்ரி வந்து சேர்ந்தார். "என்ன, மிஸ் லவிக்? உங்க செவுள் என் காரைக் காப்பாத்தும்னு சொன்னாங்களே?"

ஹெஸ்டர் கில்பர்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொல்லட்டும் என்று இடம் கொடுத்தாள். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி அவன் இப்படித்தான் சொன்னான்:

"பானெட் முழுக்க ஹெஸ்டரோட வரைபடம், சர். அவ ரொம்ப உறுதியா இருந்தா. நான் அப்பவே சந்தேகப்பட்டேன்."

ஹெஸ்டர் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தாள். குமிழ்களை ஒவ்வொன்றாக நெம்பினாள். கம்பளியை ஒரே இழுப்பில் பிய்த்து வெளியே எடுத்தாள். சூட்டு உலோகம் மணிக்கட்டில் பட்டுத் தோல் உரிந்தது, அதையும் கவனிக்கவில்லை. செவுள்கள் வழியாக வெளிச்சம் கீற்றுக் கீற்றாக உள்ளே விழுந்தது.

"அது என்ன?" என்றார் சர் ஆப்ரி.

"என் வரைபடத்துல இல்லாதது," என்றாள்.

கில்பர்ட் அவள் காதருகே குனிந்தான். "ஹெட்டி, அந்தம்மாவுக்குச் சத்தம் ஆகாதுன்னுதான்... கொஞ்சம் தாங்கும்னு நினைச்சேன். முரியலை இதுல இழுக்காத."

"நானா இழுத்தேன்?"

இன்ஜின் ஆறக் காத்திருந்தோம். நான் ஓடையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். பிறகு ஹெஸ்டர் காரைக் கிளப்பினாள். அதே பின்காற்று, அதே ஏற்றம், மிச்சம் இருந்த வளைவுகள் இன்னும் செங்குத்து. வால்வுச் சத்தம் டிக்கு டிக்கென்று கேட்டது. முள் பாதியில் நின்றதுதான், உச்சி வரை அசையவில்லை. ஹெஸ்டர் ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை. கண் பாதையில் இருந்தது. உச்சியில் யாரும் கைதட்டவில்லை. முத்திரை உடைந்த கார் கணக்கில் இல்லை.

சர் ஆப்ரி பேசியது கில்பர்ட்டிடம்தான். "பையா, பொண்ணுங்க சண்டையெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தக் கம்பளி இல்லாம கார் நல்லாத்தான் ஏறுது. சத்தத்துக்கு வேற ஏதாவது வழி பண்ணு. ஆர்டர் உனக்குத்தான்." பெண்கள் சண்டை என்று அவர் எதை வைத்து முடிவு செய்தாரோ தெரியாது.

மறுநாள் ரயிலில் ஹெஸ்டர் அந்தக் கம்பளியைப் பொட்டலமாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். லண்டன் வந்ததும் நேராக முரியல் வீட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. கில்பர்ட் காரோடு இன்னும் வந்து சேரவில்லை. ஹெஸ்டர் உருளைக்கிழங்குத் தோலைத் தள்ளிவிட்டு மேஜை மேல் கம்பளியை விரித்தாள்.

முரியல் அதையும், ஹெஸ்டர் மணிக்கட்டில் கட்டியிருந்த துணியையும் பார்த்தாள். "ஐயோ, கைக்கு என்ன ஆச்சு?"

"இதை எதுக்குன்னு சொல்லி உன்கிட்டத் தைக்கச் சொன்னான்?"

"ஏதோ இன்ஜினுக்கு மேல போர்த்தறதுக்குன்னு..."

"முரி."

முரியல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெரியும். எங்க வைக்கப் போறார்னு தெரிஞ்சுதான் தச்சேன்."

"என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? நூலை ஒட்டி, படத்தைப் போட்டு, அவர் முட்டாள்னு எல்லார் முன்னாடியும் நிரூபிச்சிருப்ப. எப்பவும் நீதான் சரி, ஹெட்டி. சின்ன வயசுல இருந்தே. ஒரு தடவையாவது என் புருஷன் பேச்சு ஜெயிக்கட்டும்னு நினைச்சேன். கொஞ்சம் சூடாகும், நீ திட்டுவ, அவ்வளவுதான்னு சொன்னார். வெறும் கம்பளிதானேன்னு..."

"பெட்ரோல் கொதிச்சுச்சு. கம்பளி கனன்னுச்சு. அது ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது, சரி. அவனுக்குத் தெரியும்." ஹெஸ்டர் பொசுங்கிய இடத்தைத் தங்கையின் பக்கம் திருப்பினாள். "ஆனா அந்தக் கார்ல உக்காரப் போறது யாருன்னு உனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு வந்தியே. சாண்ட்விச் கட்டிக் குடுத்தியே. கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னியே. அப்பக்கூட வாய் வரலையாடி உனக்கு?"

"வந்துது ஹெட்டி, சத்தியமா. நீ தொப்பி நசுங்குதுன்னு சொன்ன..."

ஹெஸ்டர் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கம்பளியை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். முரியல் வாசல் வரை அழுதுகொண்டே வந்தாள். கில்பர்ட்டைத் திட்டு, என்னை அடி, ஆனால் இப்படிப் போகாதே என்றாள். ஹெஸ்டர் கதவைப் பதவிசாகச் சாத்திவிட்டு நடந்தாள். இறைச்சி கருகும் வாசனை தெரு வரைக்கும் வந்தது.

ஹெஸ்டர் அதற்கப்புறம் பட்டறைக்குள் காலே வைக்கவில்லை. பலகையிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்தார்கள். அக்டோபரில் ஒலிம்பியா மோட்டார் கண்காட்சியில் அந்தக் கரும்பச்சைக் கார் நின்றது. செவுள்கள் திறந்திருந்தன. பத்திரிகைக்காரர்கள் அதைப் புகழ்ந்தார்கள். "ஏற்றத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன்," என்று கில்பர்ட் அவர்களிடம் அடக்கத்தோடு சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த வாரமே நானும் வேலையை விட்டேன்.

ஹெஸ்டர் கெண்டலுக்கே போய்விட்டாள். ஷாப் மலையைத் தாண்டும் பேருந்துகள் கோடையில் கொதிப்பதைச் சரிசெய்ய ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது கேட்டேன்: "கில்பர்ட் மேல வழக்குப் போட்டிருக்கலாமே?"

"கில்பர்ட் யாரு? ஒரு கூட்டாளி. ஏமாத்தினான். வருத்தம்தான், ஆனா தூங்க முடியுது." கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், சுத்தமான பிறகும்.

அடுத்த வருஷம் மார்ச்சில் முரியலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஹெஸ்டர் என்று பெயர் வைத்தாள். ஞானத்தாயாக வரச் சொல்லி அழைப்பதற்கு, மே மாதம் தனியாக ரயில் ஏறிக் கெண்டலுக்குப் போனாள். திரும்பி வந்த அன்றே என்னிடம் வந்து சொன்னாள்.

"பேருந்துக் கொட்டகையில இருந்தா. என்னைப் பாத்ததும் வந்தா. மேஸ்திரி பக்கத்துல நின்னுட்டு இருந்தார். அவர்கிட்ட என்ன சொன்னா தெரியுமா, நோரா? 'இவங்க மிசஸ் ஆக்ஸ்டெல், லண்டன்ல இருந்து வந்திருக்காங்க'ன்னு சொன்னா. தங்கச்சின்னு சொல்லல."

"அப்புறம்?"

"தேநீர் வாங்கிக் குடுத்தா. குழந்தை எடை கேட்டா. பேரைச் சொன்னேன். 'நல்ல பேர்தான்'னா. திரும்பிப் போற ரயில் எப்பன்னு கேட்டா." முரியல் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "கோபமா இருந்தாக்கூடப் பரவாயில்ல. வர்றவங்க போறவங்ககிட்டப் பேசற மாதிரியே பேசினா."

அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அந்தக் கனலும் கண்ணில் நின்றது.

ஜூனில் ஆக்டன் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. வேறு யாரும் இல்லாததால் குழந்தையை ஏந்தி நின்றது நான்தான். கதவு திறக்கும்போதெல்லாம் கில்பர்ட் திரும்பித் திரும்பிப் பார்த்தான். முரியல் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.